மூன்று தரம் கேட்க வேண்டும்

மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
29.6.1986

அன்புள்ள மடுத்தீன் அண்ணைக்கு,

உங்கள் தங்கை பியட்றிஸ் எழுதுவது. நான் சுகம். உங்களுக்கும் அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் சுகம் குறையாதிருக்க மாதாவிடம் கேட்கிறேன். அண்ணியின் முழங்கால் வலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்குப் போகிறவர்கள் யாராவது அகப்பட்டால் கொடுத்துவிடுவேன்.

சுகம் என்று எழுதியது உடம்பை. மனம் கொதித்துக்கொண்டிருக்கிறது.

நான் வேலை செய்யும் தையற்கூடம் பற்றி முன்பு எழுதியிருக்கிறேன். குளிர்கால மேலங்கிகளை இந்த வெயிலில் வைத்துத் தைக்கிறோம். முதலாளி மொசியே வைன்பேர்க் ஒரு யூதர், வயதான மனிதர். வாய் கொஞ்சம் பெரிதே தவிர, கெட்டவர் என்று நான் நினைத்ததில்லை. போன வியாழக்கிழமை அவருடைய பெரிய கத்தரியைக் காணவில்லை. துணி வெட்டுகிற கத்தரி, அவரைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது. தேடினார், கத்தினார், பிறகு நேரே என்னிடம் வந்தார். துருக்கிக்காரர் இருக்கிறார்கள், போர்த்துக்கல் பெண்கள் இருக்கிறார்கள், அவருடைய சொந்தக்காரப் பெடியன் கூட இருக்கிறான். அவர்கள் ஒருவரிடமும் போகவில்லை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவள் நான், நிறத்தில் கறுப்பும் நான். என் கைப்பையைப் பறித்து, துணி வெட்டும் மேசையில் கவிழ்த்துக் கொட்டினார்.

எல்லாம் விழுந்தது. செபமாலை, பிட்டுப் பெட்டி, பொம்பிளைகள் பையில் மறைத்து வைத்திருக்கும் துணி, ஒரு படம். மெசின்கள் நின்றுவிட்டன. அவர் அந்தப் படத்தைத் தூக்கிப் பார்த்து, "இதார், உன்ரை புருசனோ?" என்று வேறு கேட்டார். இரண்டொருவர் சிரித்தார்கள்.

கத்தரி யன்னல் கட்டின்மேல் இருந்தது, அவர் கோப்பி குடித்த கோப்பைக்குப் பின்னால். அவரே வைத்தது. கண்டெடுத்ததும் "ம்" என்றார். அவ்வளவுதான். நான் சிந்திய பிட்டைக் கையால் கூட்டி அள்ளினேன்.

வேலையை விட முடியாது. விசாவுக்குச் சம்பளத்துண்டு வேண்டும். அதை நினைக்க இன்னும் எரிகிறது. அறையில் கூட இருக்கும் நாகேஸ்வரி, "விடு பியட்றிஸ், முதலாளியள் எல்லாம் உப்பிடித்தான்" என்கிறாள். எனக்கு விடத் தெரியாது. அது உங்களுக்கும் தெரியும்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

தங்கை
பியட்றிஸ்


யாழ்ப்பாணம்
27.7.1986

அன்புத் தங்கை பியட்றிசுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நாங்கள் இருக்கிறோம். கூட்டுறவுச் சங்கக்கடைக்குச் சீனி வந்து கனநாள். ஹெலிகொப்டரின் சத்தம் கேட்டால் பிள்ளைகள் மேசைக்குக் கீழே போய்விடுகிறார்கள். மற்றப்படி சுகம். உன் அண்ணி தைலத்தைப் பற்றித் தினமும் கேட்கிறாள்.

நடந்தது எனக்கும் வருத்தம். ஆனால் நீ அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்காதே. உனக்குச் சிறுவயதிலிருந்தே இந்தக் குணம். அந்நிய தேசத்தில் இருப்பவள் பொறுத்துப் போக வேண்டும். மன்னிப்பதும் மறப்பதும்தான் எங்களுடைய மார்க்கம்.

ஒரு நல்ல செய்தி. கோயில் சபையில் என்னைச் செயலாளராகத் தெரிவுசெய்திருக்கிறார்கள். ஞாயிறு பூசையில் அறிவித்தல்களை இப்போது நான்தான் வாசிக்கிறேன். ஒலிபெருக்கியில் என் குரல் நன்றாக எடுக்கிறதென்று புதுப் பாதர் சொன்னார்.

பைக்குள் இருந்த படம் யாருடையது?

அன்புடன்
மடுத்தீன்


மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
14.9.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். தைலம் வரதராசா என்பவர் கையில் கொழும்புவரை வந்துவிட்டது. செயலாளர் ஆனதற்கு வாழ்த்து.

இங்கே நடப்பதைக் கேளுங்கோ. போன ஞாயிற்றுக்கிழமை நான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்க, கதவில் தட்டுச் சத்தம். திறந்தால் மொசியே வைன்பேர்க். ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறார். எங்கள் கட்டிடத்தில் லிப்ட் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி மூச்சு வாங்குகிறார். அவர் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.

"மடம் பியட்றிஸ், அண்டைக்கு நான் செய்தது பிழை. மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"இப்பவோ? வெயில் காலம் முழுக்க உங்களுக்கு வாய் இல்லையோ?"

"எங்கடை புது வருசம் வருகுது. அதுக்கு முந்தின மாதம் இது. ஒவ்வொரு நாளும் காலமை எங்கடை கோயிலிலை ஆட்டுக்கடாக் கொம்பு ஊதுவினம், நித்திரை கொள்ளுற மனச்சாட்சியை எழுப்ப. வருசம் முழுக்க ஆருக்கு என்ன செய்தம் எண்டு பாக்க வேணும். கடவுளுக்குச் செய்த பிழையைக் கடவுள் மன்னிப்பார். மனிசருக்குச் செய்த பிழைக்கு, அந்த மனிசர் மனம் ஆறுமட்டும் கடவுள் வாய் திறக்கமாட்டார்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவருக்குப் புது வருடம் வருகிறதாம், அதற்கு முதல் என்னைக் கழுவித் துடைத்து வைக்க வேண்டுமாம். வெள்ளையடிக்கிற சுவரோ நான்? "போங்கோ" என்று கதவைச் சாத்தினேன்.

இன்றைக்கும் வந்தார். இந்தமுறை இரண்டு கிழவர்களையும் கூட்டிக்கொண்டு. கேட்கிறதைச் சாட்சி வைத்துக் கேட்க வேண்டுமாம். மூன்று பேரும் படிக்கட்டில் குந்திவிட்டார்கள். நாகேஸ்வரி பாவம் பார்த்துத் தண்ணீர் கொடுத்தாள். "மூண்டு தரம் கேக்க வேணும், இது ரெண்டாம் தரம். மூண்டு தரமும் நீங்கள் மாட்டன் எண்டால் பிறகு பாரம் உங்களிலை" என்கிறார். உங்கள் சங்கக்கடையில் மா நிறுத்துக் கொடுப்பது போல மன்னிப்பையும் நிறுத்துக்கொண்டு வருகிறார். பையைக் கொட்டியது அவர், பாரம் என்னிலாம். இரண்டாம் தரமும் மாட்டேன் என்றேன்.

அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். அவர் முதல் நாள் சொன்ன அந்தக் கடவுள் வாய் திறக்காத கதை மட்டும் இறங்கிப் போகவில்லை. சோறு காய்ச்சும்போதும் அதுதான் நினைவு.

எல்லாருக்கும் என் அன்பு.

தங்கை
பியட்றிஸ்


யாழ்ப்பாணம்
28.9.1986

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகம் அறிந்து ஆறுதல்.

உன் கடிதத்தை உன் அண்ணிக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. ஒரு வயதான மனிதன் ஐந்து மாடி ஏறி வந்து வாசலில் நிற்கிறான். அவனுக்குக் கதவைச் சாத்துகிறவள் என்ன கிறிஸ்தவள்? மன்னிப்புக் கேட்டு வருவது எவ்வளவு கடினம் என்று உனக்குத் தெரியாது. அடுத்தமுறை கதவைத் திற.

ஆனால் அவர்களுடைய போதனைகளைக் காதுக்குள் போட்டுக்கொள்ளாதே. எங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. பாதரிடம் சொல்லி, அவர் தருகிற அபராதச் செபத்தைச் சொன்னால் முடிந்தது. வீடு வீடாகப் போய்ப் படி ஏறத் தேவையில்லை.

படத்தைப் பற்றி நீ எழுதவில்லை.

அன்புடன்
மடுத்தீன்


மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
19.10.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். குளிர் தொடங்கிவிட்டது. உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

நீங்கள் சொன்னபடி கதவைத் திறந்தேன், ஆனால் என் வீட்டுக் கதவை அல்ல. மூன்றாம் தரம் அவர் படியேறமுன்னரே நான் முந்திக்கொண்டேன். போன வெள்ளிக்கு முதல் வெள்ளி, வேலை முடிகிற நேரம், அவர் முன்னால் போய் நின்று சொன்னேன். "என்ரை வாசலிலை வந்து கேக்கிறது உங்களுக்கு லேசு. அங்கை என்னையும் நாகேஸ்வரியையும் விட ஒருத்தரும் இல்லை. பையை எங்கை கொட்டினீங்களோ, அங்கை நிண்டு கேளுங்கோ." எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் இதைச் சொல்லி முடிக்க வியர்த்துவிட்டது.

அவருக்கு முகம் சிவந்தது. வேலையை விட்டுக் கலைக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். எழும்பிப் போய் மெயின் சுவிச்சை நிறுத்தினார். மெசின்கள் அடங்கின. அயன் பண்ணுகிற துருக்கிக்காரர் அயனைக் கையில் வைத்தபடி நின்றார். வைன்பேர்க் அந்த மேசையில் கையை ஊன்றினார்.

"இந்தப் பொம்பிளையின்ரை பையை உங்கள் எல்லாருக்கும் முன்னாலை கொட்டினனான். இவ களவெடுக்கேல்லை. நான் வைச்சிட்டு மறந்த கத்தரி. அது தெரிஞ்ச பிறகும் நான் வாய் திறக்கேல்லை. ஒருத்தரை ஆக்களுக்கு முன்னாலை வெக்கப்படுத்திறது அவையின்ரை ரத்தத்தைச் சிந்தினதுக்குச் சமம் எண்டு எனக்குச் சின்னனிலை படிப்பிச்சவை. தெரிஞ்சுகொண்டும் செய்தன். மன்னிக்க வேணும்."

நான் "சரி" என்றேன். அவர் சுவிச்சைப் போட்டார், போட்ட கையோடு நான் வைத்த பொக்கற் கோணல் என்று சத்தம் போட்டார். மனிதர் மாறவில்லை. ஆனால் எனக்கு அவரோடு இருந்த கோபம் அந்த மேசையிலேயே முடிந்துவிட்டது.

கோபம் முடியவில்லை அண்ணை, இடம் மாறியிருக்கிறது. இரத்தம் சிந்தியதற்குச் சமம் என்று அவர் சொன்னபோது எனக்கு என் பை ஞாபகம் வரவில்லை. எங்கள் கோயில் ஞாபகம் வந்தது.

படம் யாருடையது என்று இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். வின்சன்றுடையது. வேறு யாருடையதாக இருக்கும்?

1979 ஆவணி. எனக்கும் அவனுக்கும் கலியாண அறிவித்தலை இரண்டு ஞாயிறு கோயிலில் வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிறும் வாசித்துவிட்டால் தாலி கட்டலாம். தடை தெரிந்தவர்கள் பாதரிடம் தனியாகப் போய்ச் சொல்வதுதான் வழக்கம். நீங்கள் போகவில்லை. பூசை நடுவில் எழும்பி நின்று, "உவனுக்குச் சிலாபத்திலை ஒரு பெஞ்சாதி இருக்கு" என்றீர்கள். அவனைப் பெற்ற மார்கிரட் மாமி பொம்பிளைகள் பக்கம் இருந்தபடியே முக்காட்டை முகத்துக்கு இழுத்தா. அதற்குப் பிறகு அவவின் முகத்தைக் கோயிலில் யாரும் முழுதாகப் பார்த்ததில்லை.

பாதர் சிலாபத்துக்கு எழுதி விசாரித்தார். அப்படியொரு கலியாணம் இல்லை என்று பதில் வந்தது. அதை உங்களிடம் சொன்னார். மாற்றலாகிப் போகிற அன்று என்னிடமும் சொன்னார். அந்தப் பதிலைக் கோயிலில் ஒருவரும் வாசிக்கவில்லை. வின்சன்ற் என்னிடம், "உன்ரை கொண்ணன் நிக்கிற கோயிலிலை வந்து எனக்குத் தாலி கட்ட ஏலாது" என்று சொல்லிவிட்டுப் போனான். போன வருடம் கடலுக்குப் போனவன் கரைக்கு வரவில்லை. பெண்டாட்டியை விட்டுவிட்டு வந்தவன் என்ற பெயரோடேயே போய்விட்டான். ஊர் இன்றைக்கும் அப்படித்தான் கதைக்கிறது.

மார்கிரட் மாமியிடம் போங்கோ. பிறகு அதே கோயிலில் நின்று அது பொய் என்று சொல்லுங்கோ. ஒலிபெருக்கியும் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது.

தங்கை
பியட்றிஸ்


மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
7.12.1986

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். பாலன் பிறப்புக்கு உங்கள் எல்லாருக்கும் என் வாழ்த்து.

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. தபால் ஓடவில்லை என்று சாட்டுச் சொல்ல முடியாது. ரூ லூயி பிளாங் தெருவில் எங்கள் ஆட்கள் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஊர்க் கடிதம் வருகிறது. தைலம் கிடைத்தது, வலி குறைவு என்று அண்ணி தனியாக எழுதியிருக்கிறா. ஒரே வீட்டிலிருந்து ஒரு கடிதம் வருகிறது, மற்றது வரவில்லை. நல்ல தபால்காரன்.

பியட்றிஸ்


யாழ்ப்பாணம்
4.1.1987

தங்கை பியட்றிசுக்கு,

புது வருட ஆசீர். நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க வேண்டும்.

உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கினவனுக்கு நீ தந்த நத்தார்ப் பரிசு இது. வின்சன்ற் மற்றவனின் வள்ளத்தில் கூலிக்குப் போனவன். அவனுக்குப் பின்னால் நீ போய்க் கஷ்டப்படக் கூடாதென்று நான் நினைத்தது குற்றமோ? சிலாபத்துக் கதையை ஒரு மீன் வியாபாரி எனக்குச் சொன்னான். நான் நம்பினேன். பிழையென்று தெரிந்ததும் அடுத்த தவக்காலத்திலேயே பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன். பாதர் பொறுத்தல் தந்தார். அபராதச் செபமும் சொல்லி முடித்தேன். கடவுள் மன்னித்ததைக் கிளற நீ யார்?

ஊர் ஷெல்லடிக்குள் கிடக்கிறது. நாளைக்கு யார் இருப்போம் யார் போவோம் என்று தெரியாது. இந்த நேரத்தில் எட்டு வருடத்துக் கதையை எடுத்துக்கொண்டு வருகிறாய். சபைச் செயலாளர் எழும்பி நின்று நான் பொய் சொன்னேன் என்றால் நாளைக்கு நான் வாசிக்கிற அறிவித்தலை யார் நம்புவார்கள்?

இதோடு இந்தக் கதையை விடு.

மடுத்தீன்


மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
1.2.1987

அண்ணைக்கு,

நான் சுகம். நீங்களும் சுகம் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோசம்.

மன்னிப்புக் கேட்டு வருகிறவனுக்குக் கதவைத் திற, அது எவ்வளவு கடினமென்று உனக்குத் தெரியாது என்று எனக்குப் புத்தி சொன்னவர் நீங்கள்தான். உங்கள் கடிதம் என் பெட்டிக்குள் இருக்கிறது. கடினமென்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் ஒரு வாசலுக்கும் போகவில்லையே.

பாதர் பொறுத்தல் தந்தது கடவுளுடைய பங்குக்கு. அதை நான் ஒரு நாளும் இல்லையென்று சொல்லமாட்டேன், நானும் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவள்தான். மார்கிரட் மாமியின் பங்கைப் பாதர் எப்படித் தருவார்? நீங்கள் வெட்கப்படுத்தியது பாதருடைய மகனையோ? பூசையில் சமாதானம் சொல்லிக்கொள்ளும்போது எல்லாரும் பக்கத்தில் உள்ளவர்களுக்குக் கை கூப்ப, மாமி மட்டும் நீங்கள் நிற்கிற பக்கம் திரும்புவதில்லையாம். அண்ணி எழுதினா. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நற்கருணை வாங்குகிறீர்கள்.

வைன்பேர்க்கிடம் கேட்டேன், ஆள் செத்துப்போனால் என்ன செய்கிறது என்று. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், இவருக்கு நான் பாவம் செய்தேன் என்று சத்தமாகச் சொல்ல வேண்டுமாம். வின்சன்றுக்குக் கல்லறையும் இல்லை. எந்தக் கடலைப் பார்த்து நின்று சொல்வீர்கள்? அவனுக்கென்று மிச்சம் இருப்பது அவன் பெயர் கெட்ட அந்தக் கோயில் ஒன்றுதான். அங்கே பத்துப் பேரைத் தேடவும் தேவையில்லை.

நாளைக்கு யார் இருப்போம் என்று தெரியாது என்கிறீர்கள். அதுதான் அண்ணை நானும் சொல்கிறேன். மாமிக்கும் வயது போகிறது.

நீங்கள் போகும்வரை நான் எழுதமாட்டேன். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டும் அன்பு.

பியட்றிஸ்


யாழ்ப்பாணம்
29.3.1987

அன்புத் தங்கை பியட்றிசுக்கு,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீ சுகமோ?

மார்கிரட் மாமி வீட்டுக்கு மாசி மாதம் போனேன். படலையில் நின்று கூப்பிட்டேன். உள்ளே இருந்துகொண்டே வெளியே வரவில்லை. அடுத்த கிழமை உன் அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனேன். நாயை அவிழ்த்துவிட்டா. எனக்கு வந்த கோபத்தில் உனக்கு எழுதத் தொடங்கி, அந்தக் கடதாசியைக் கிழித்தேன். ஒருவரின் வாசலில் நின்று கூப்பிட்டுப் பதில் வராமல் திரும்பி நடப்பது என்னவென்று இப்போது தெரிகிறது.

போன ஞாயிறு, உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு நடக்க இருக்கிற ஒரு கலியாணத்துக்கு மூன்றாம் அறிவித்தல் வாசித்தேன். "தடை தெரிந்தவர்கள்" என்ற இடத்தில் எனக்குக் குரல் எடுக்கவில்லை. சனம் இருமியது. பாதர் திரும்பிப் பார்த்தார். ஒலிவாங்கியைப் பிடித்தபடியே சொன்னேன்.

"எட்டு வருசத்துக்கு முதல் இந்தக் கோயிலிலை நான் எழும்பி நிண்டு மார்கிரட்டின்ரை மகன் வின்சன்றுக்குச் சிலாபத்திலை பெஞ்சாதி இருக்கெண்டு சொன்னனான். அது பொய். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நானே கட்டினது. அவன் ஒரு குற்றமும் செய்யாத பெடியன்."

மீன் வியாபாரி என்று ஒருவன் இல்லை, பியட்றிஸ். பாதரிடம் கூட அவனைச் சேர்த்துத்தான் சொன்னேன்.

பூசை முடிந்து சனம் கலைந்தபின் மாமி முற்றத்தில் நின்றா. முக்காட்டை எடுத்துவிட்டிருந்தா. "என்ரை பங்கை விடுறன். பெடியன்ரை பங்கை விட எனக்கு உரிமை இல்லை, அதைக் கொண்டுதான் நீ சாகவேணும்" என்றா. சரி என்றேன். இன்றைய பூசையில் சமாதானம் சொல்லும்போது என் பக்கம் திரும்பினா. கை கூப்பவில்லை. திரும்பினா.

செயலாளர் வேலையிலிருந்து விலகிவிட்டேன். சங்கக்கடையில் சிலர் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பகிடி. உன் அண்ணி மட்டும் எனக்குச் சோறு போடும்போது ஒரு மீன் துண்டு கூடுதலாக வைத்தாள்.

தங்கச்சி, உன் கலியாணத்தைக் குழப்பினவன் நான். உன்னிடமும் கேட்கிறேன். மன்னித்துக்கொள்.

அண்ணன்
மடுத்தீன்


மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
19.4.1987

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. அண்ணியின் கையைப் பிடித்து நான் கொஞ்சினதாகச் சொல்லுங்கோ.

உங்கள் கடிதத்தை கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் நின்றபடி வாசித்தேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்து "மடம், ஏதும் கெட்ட செய்தியோ?" என்று கேட்டார். இல்லையென்று சொல்லி அழுதேன். வின்சன்றின் படத்தை எடுத்து மேசையில் வைத்து, உங்கள் கடிதத்தை அவனுக்கும் வாசித்தேன். விசரி என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். இனி அந்தப் படம் பையின் அடியில் கிடக்காது. செபமாலைக்குப் பக்கத்தில் கொழுவி வைத்திருக்கிறேன். யாரென்று யார் கேட்டாலும் பெயரைச் சொல்வேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

மாட்டேன்.

இது முதல் தரம். ஊர் உறவு இல்லாத ஒரு கிழவர் என்னிடம் மூன்று தரம் கேட்டார். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவர் ஒரு கடிதத்தின் கடைசி வரியில் ஒரு தரம் கேட்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறார். எனக்கு இப்போது முப்பத்து நான்கு வயது. ஐந்தாம் மாடியில், நாகேஸ்வரியின் குறட்டைச் சத்தத்தில் கிடக்கிறேன். இதற்கு ஒரு வரி போதுமோ? இன்னும் இரண்டு தரம் கேளுங்கோ, அண்ணை. ஆறுதலாகக் கேளுங்கோ, ஆனால் கேளுங்கோ.

உங்கள் தங்கை
பியட்றிஸ்


யாழ்ப்பாணம்
20.9.1987

அன்புத் தங்கை பியட்றிசுக்கு,

நாங்கள் எல்லாரும் தப்பியிருக்கிறோம். வைகாசியில் ஷெல்லடிக்குள் பட்ட பாட்டை எழுத முடியாது. கோயிலில்தான் கிடந்தோம். மார்கிரட் மாமியும் எங்கள் பாய்க்குப் பக்கத்துப் பாய்தான். பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்துக் கொடுத்தா. எனக்கும் ஒரு சிரட்டை வந்தது. அவ தந்தாவோ, பிள்ளைகள் கொண்டுவந்தார்களோ தெரியாது, குடித்தேன்.

உன் கடிதம் வந்தபோது எனக்கு நல்ல கோபம். இரண்டு தரம் கூடக் கேட்க வேண்டுமாம், நீ என்ன பெரிய பிஷப்போ என்று உன் அண்ணியிடம் கத்தினேன். அவள், "அவள் கேக்கச் சொல்லுறாள் எண்டால் இன்னும் உங்களோடை கதைக்க விருப்பம் எண்டுதானே" என்றாள். அது எனக்கு விளங்க இவ்வளவு நாள் எடுத்தது.

முதல் தரம் நான் கலியாணத்தைக் குழப்பினதற்குத்தான் கேட்டேன். அது மட்டும் அல்ல. வின்சன்ற் கடலில் போன செய்தி வந்த அன்று நான் உனக்குத் தந்தி கொடுக்கவில்லை. வேறு யாரோ எழுதித்தான் உனக்குத் தெரியும். அதற்கும் சேர்த்துக் கேட்கிறேன். இது இரண்டாம் தரம். மன்னித்துக்கொள்.

இப்போது கொஞ்சம் அமைதி. தபால் ஓடுகிறது. மூன்றாவதை நத்தாருக்கு எழுதுவேன்.

அண்ணன்
மடுத்தீன்


மடு மாதா துணை

லா சப்பல், பாரிஸ்
25.10.1987

அன்புள்ள மடுத்தீன் அண்ணைக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமோ, அண்ணி சுகமோ, பிள்ளைகள் சுகமோ, மார்கிரட் மாமி சுகமோ. இந்தமுறை இது கடிதத்துக்கு முன்னால் எழுதுகிற வழக்கத்துக்குக் கேட்பதில்லை.

உங்கள் கடிதம் என் கைக்கு வரும்போது அங்கே மறுபடி சண்டை தொடங்கிவிட்டது. கொம்மினிக்கேசன் கடையில் வரிசையில் நின்று டெலிபோன் எடுக்கிறோம், கொழும்போடு நின்றுவிடுகிறது. பாரிசுக்கு வெளியே லெ பிளாங் மெனிலில் இருக்கிற எங்கள் ஊர்ச் சிவமணி சொல்கிறா, ஊரில் சனம் முழுக்கக் கோயில்களுக்குள் என்று. எந்தக் கோயில் என்று கேட்டால் அவவுக்கும் தெரியாது. தபால் எடுக்கமாட்டோம் என்று தபாற்கந்தோரில் சொல்லிவிட்டார்கள். இதைக் கொழும்புக்குப் போகும் ஒரு ஆளிடம் கொடுக்கிறேன். அங்கிருந்து யாராவது கொண்டு வருவார்கள்.

வைன்பேர்க் இந்த வருடமும் தங்கள் புது வருடத்துக்கு முதல் மெசினுக்கு மெசின் போய் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். என்னிடம், பொக்கற் கோணல் என்று பேசினதற்கெல்லாம். முதல் தரத்திலேயே சரி என்றுவிட்டேன். அவர் ஆச்சரியப்பட்டார். எல்லாரையும் மூன்று தரம் கேட்க வைக்க எனக்கென்ன விசரோ? உங்களுக்கு மட்டும்தான் அது.

இரண்டாம் தரத்துக்கும் மாட்டேன். தந்தி கொடுக்காதது எனக்குத் தெரியும், நீங்களாகச் சொல்வீர்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னீர்கள். ஆனாலும் மாட்டேன். இன்னும் ஒரு தரம் இருக்கிறது. நத்தாருக்கு எழுதுவேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், கடிதம் என் கையில் இருக்கிறது. சண்டை, தபால் இல்லை, கடதாசி இல்லை என்று எனக்குச் சாட்டுச் சொல்லக் கூடாது. கேட்காமல் விட்டுவிட்டு எங்கேயாவது போனீர்களென்றால் நான் ஒருநாளும் மன்னிக்கமாட்டேன், அண்ணை. அந்தப் பாரத்தை உங்கள் தலையிலேயே வைப்பேன்.

சிகரெட் பெட்டி மட்டையில் எழுதினாலும் போதும். யாரிடமாவது கொடுத்துவிடுங்கோ. என் பதில் ஆயத்தமாக இருக்கிறது. நீங்கள் கேட்டால்தான் சொல்வேன்.

உங்கள் தங்கை
பியட்றிஸ்